பியூமிகன்ட் போட்ட மண்ணுக்கு மண்புழு திரும்புமா?

ஓசூர் பக்கம் பாலிஹவுஸில் குடைமிளகாய் போடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது, நூற்புழு என்றார்கள். அடுத்த நடவுக்கு முன் டாசோமெட் குருணை போடச் சொல்கிறார் மருந்துக் கடைக்காரர். மண்புழுவுக்கு ஒன்றும் ஆகாது, ஆய்வகத்தில் சோதித்த மருந்துதான் என்கிறார். தொழுவுரம் போட்டுப் போட்டு வளர்த்த மண் இது. அந்தச் சோதனையை நம்பலாமா? நானே பார்த்துக்கொள்ள வழி உண்டா?”

முதலில் நேராக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாசோமெட் பியூமிகன்ட் வகை, அதாவது மண்ணுக்குள் வாயுவாகப் பரவிக் கொல்லும் மருந்து. மருந்து பரவும் ஆழத்தில் இருக்கிற மண்புழுக்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். நூற்புழு, பூஞ்சாணம், முளைக்கத் தொடங்கிய களை விதை என்று எல்லாவற்றையும் கொல்லத்தான் இந்த மருந்தே. அது மண்புழுவை மட்டும் விட்டுவைக்காது. அதனால் சாகுமா என்று கேட்பதில் பலனில்லை. எத்தனை மாதத்தில் திரும்பி வரும், எங்கிருந்து வரும் என்றுதான் கேட்க வேண்டும்.

டாசோமெட் ஈர மண்ணில் உடைந்து மீத்தைல் ஐசோதயோசயனேட் என்ற வாயுவாகிறது. மெட்டாம் சோடியம் என்ற இன்னொரு மண் மருந்தும் இதே வாயுவைத்தான் தரும். கடுகின் காரத்துக்குக் காரணமான பொருள் இதற்கு நெருங்கிய சொந்தம். மண்புழு ஆராய்ச்சி செய்பவர்கள் கடுகுப் பொடியைத் தண்ணீரில் கலக்கி நிலத்தில் ஊற்றுவது உண்டு. எரிச்சல் தாங்காமல் ஆழத்துப் புழுக்கள் மேலே வந்துவிடும், அப்படியே எண்ணிக்கொள்வார்கள். மெல்லிய கடுகுக் கரைசலுக்கே இந்தப் பாடு என்றால் பாலிதீன் தாள் மூடிய பாத்திக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கடைக்காரர் சொல்லும் சோதனை எது? பெரும்பாலும் 14 நாள் சோதனையாக இருக்கும். 70 பங்கு மணல், 20 பங்கு வெள்ளைக் களிமண், 10 பங்கு பீட் (சதுப்பு நிலத்து மட்கு) கலந்த செயற்கை மண்ணில் ஐசீனியா ஃபெடிடா புழுக்களை விட்டு எத்தனை சாகின்றன என்று பார்ப்பார்கள். இது மண்புழு உரத் தொட்டியில் வளர்க்கும் புழு. உங்கள் பாத்தியில் மண்ணைத் துளைத்து வாழும் லாம்பிட்டோ மாரிட்டீ போன்ற நம்மூர்ப் புழு வேறு. இன்னொரு சிக்கல், சோதனைப் பாத்திரத்தின் மூடியில் காற்றுத் துளை இருக்கும். வாயுவாகிற மருந்து அதன் வழியே வெளியேறிவிடும். உங்கள் பாத்தியிலோ வாயு தப்பக் கூடாது என்றே தாள் போட்டு மூடுகிறோம். அதனால் வாயு மருந்துகளுக்கு இந்தச் சோதனை ஆபத்தைக் குறைத்துக் காட்டவே வாய்ப்பு அதிகம்.

இதைவிட நல்லது 8 வாரச் சோதனை. 4 வாரம் கழித்துப் பெரிய புழுக்களை எடுத்துவிட்டு, இன்னும் 4 வாரம் பொறுத்துக் குட்டிப் புழுக்களை எண்ணுவார்கள். சாகாத புழு இனம் பெருக்காமல் போவதும் இதில் தெரிந்துவிடும். எந்த அளவு வரை பாதிப்பே இல்லையோ, அது வயல் மண்ணில் சேரும் அளவைப் போல 5 மடங்காவது இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 40 கிராம் போட்டு 20 செ.மீ. ஆழம் கலக்கினால் அதில் சுமார் 300 கிலோ மண் இருக்கும். அதாவது கிலோ மண்ணுக்கு 133 மி.கி. மருந்து. அதன் 5 மடங்கு 665 மி.கி. அந்த அளவிலும் புழுவுக்குப் பாதிப்பு இல்லை என்று யாராவது சொன்னால், அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். இந்த வரம்பில் தேறாத மருந்துக்கு வயலிலேயே ஆய்வு செய்து, புழுக்கள் ஓராண்டுக்குள் மீள்கின்றனவா என்று பார்ப்பார்கள். கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது அந்த வயல் ஆய்வைத்தான்.

மீள்வதில்தான் பாலிஹவுஸ் மாட்டிக்கொள்கிறது. திறந்த வயலில் வரப்பிலிருந்தும் பக்கத்து நிலத்திலிருந்தும் புழு ஊர்ந்து வரும். உங்களுக்கோ சுற்றிலும் தாள், நடுவில் கெட்டித்துப்போன நடைபாதை. எல்லாப் பாத்திக்கும் ஒரே நாளில் மருந்து போட்டுவிட்டால், திரும்பி வர உள்ளே எதுவும் மிஞ்சாது. ஆகவே வேரைப் பிடுங்கிப் பார்த்து முடிச்சு அதிகமுள்ள பாத்திகளுக்கு மட்டும் போடுங்கள். நல்ல பாத்தி ஒன்றையாவது தொடாமல் விடுங்கள். புழு பெருகி வருவதற்கும் அதுதான் இடம், பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் அதுதான் அளவுகோல். குருணை கலக்கிய ரோட்டவேட்டரையும் மண்வெட்டியையும் கழுவாமல் அந்தப் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இனி நீங்களே செய்யக்கூடியவை. தாளை எடுத்து, மண்ணைக் கிளறி, லேபிளில் சொன்ன நாள் வரை ஆறவிட்ட பிறகு, வாயு போய்விட்டதா என்று பாருங்கள். மூடியுள்ள இரண்டு கண்ணாடி ஜாடிகளில் பாதி அளவு மண் நிரப்புங்கள், ஒன்றில் மருந்து போட்ட பாத்தியின் 15–20 செ.மீ. ஆழத்து மண், மற்றதில் போடாத மண். ஈரப் பஞ்சில் லெட்டூஸ் விதை தூவி உள்ளே வைத்து இறுக மூடி, வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்தால்தான் வாயு போயிருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் மறுபடி கிளறி ஆறவிட்டுச் சோதியுங்கள்.

அடுத்தது புழுவையே கேட்பது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நடுவே அட்டை வைத்து, ஒரு பக்கம் மருந்து போட்ட மண், மறுபக்கம் போடாத மண், இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கட்டும். அட்டையை உருவிவிட்டு நடுக்கோட்டில் 10 புழுக்களை விட்டு, துளையிட்ட மூடியால் மூடுங்கள். 48 மணி நேரம் கழித்து அட்டையை மறுபடி செருகி இருபக்கமும் எண்ணுங்கள். ஐந்து டப்பா வைத்தால் நம்பிக்கையாகச் சொல்லலாம். பத்தில் எட்டுக்கு மேல் மருந்தில்லாப் பக்கம் போயிருந்தால் மண் இன்னும் வாழத் தகுந்ததாகவில்லை. உரத்தொட்டிப் புழுவே இதற்குப் போதும், ஏனென்றால் இங்கே பார்ப்பது அதன் விருப்பத்தை மட்டும்தான். அதையே பாத்தியில் விட்டு மண்ணைச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது மட்கில் வாழ்கிற புழு.

மருந்து போடும் முன்பே 25 செ.மீ. நீள, அகல, ஆழத்தில் சில குழிகள் எடுத்துப் புழுக்களை எண்ணி எழுதி வையுங்கள். 16-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு. அப்புறம் 1, 3, 6, 12 மாதங்களில், பாசனம் செய்து ஒன்றிரண்டு நாள் கழித்து, இரண்டு வகைப் பாத்தியிலும் எண்ணுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத ஸ்பிரிங்டெயில் பூச்சிகளையும் சிற்றுண்ணிகளையும் பார்க்க வேண்டுமானால், புனலில் வலை வைத்து அதன்மேல் மண்ணைப் பரப்பி, மேலே ஒரு குண்டு பல்பை எரியவிடுங்கள். சூட்டுக்கு அஞ்சிக் கீழே இறங்கும், அடியில் வைத்த கிண்ணத்தில் பிடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மண் விடும் கரியமில வாயுவை மட்டும் அளந்து “உயிர் திரும்பிவிட்டது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்துக்குப் பிறகு தப்பிய நுண்ணுயிர்கள் செத்தவற்றைத் தின்று பெருகும்போது அந்த அளவு சில நாளுக்கு முன்பைவிடக்கூட ஏறும். அதே சமயம் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகவே மீளும். அதனால் நடவு முடிந்த முதல் வாரங்களில் அம்மோனிய உரத்தைக் குறைத்து நைட்ரேட் உரம் கொடுங்கள். வேருக்கு மணிச்சத்தை எடுத்துத் தரும், வேம் எனப்படும் வேர் உட்பூசணமும் போய்விடும். மீத்தைல் புரோமைடு என்ற வேறொரு வாயு மருந்து போட்ட எலுமிச்சை வகை நாற்றங்கால்களில், மண்ணில் மணிச்சத்து இருந்தும் கன்றுகள் குன்றிப்போனது இதனால்தான். லெட்டூஸ் சோதனையில் தேறிய பிறகு வேம் கலவையையும் நன்கு மட்கிய எருவையும் சேர்த்து இடுங்கள். வாயு இருக்கும்போதே போட்டால் அதுவும் சேர்ந்து சாகும்.

லேபிளில் உங்கள் பயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேயிலைக்கு டாசோமெட் போட இந்தியாவில் அனுமதி இல்லை. முடிச்சு சில செடிகளில் மட்டும் என்றால் நான் இந்த மருந்துக்கே போக மாட்டேன். ஏப்ரல், மே வெயிலில் ஈரப் பாத்தியின் மேல் நிறமற்ற பாலிதீன் தாளை 4 முதல் 6 வாரம் மூடிவைத்து, பிறகு வேப்பம் புண்ணாக்கு இட்டு, நூற்புழுவைத் தாக்கும் பர்பியூரியோசிலியம் பூஞ்சாணத்தை எருவில் கலந்து போட்டு ஒரு பயிர் எடுத்துப் பார்ப்பேன். அந்த அறுவடையில் வேர்களைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, டாசோமெட் வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.