அந்தப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் பழைய வீடு ஒன்றில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். முன்கூடமான தார்சாவில் இரண்டு கணினிகள், அதற்கு அடுத்த கூடமான பட்டாசலில் மூன்று, பின்னால் வீட்டின் இரண்டாம் கட்டில் என்னுடையதும் பிரிண்டரும். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. அதன் பெட்டி தார்சாவில் இருக்கிறது. வைஃபை பின்பக்கம் எட்டாததால் கடையில் ஒரு ரூட்டர் வாங்கி, வயர் இழுத்துப் பட்டாசலில் வைத்தோம். அதன் பிறகு காலையில் ஒன்றிரண்டு கணினிகளுக்கு இணையம் வருவதில்லை. அணைத்துப் போட்டால் வருகிறது. பிரிண்டர் அடிக்கடி காணாமல் போகிறது. வேலைக்கு வரும் பெண்கள் போனில் வீடியோ பார்ப்பதுதான் காரணம் என்று சத்தம் போட்டும் பயனில்லை. இன்னொரு இணைப்பு வாங்கலாமா?

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்தப் பிள்ளைகளைத் திட்டுவதை நிறுத்துங்கள். போனில் ஓடும் ஒரு தெளிவான வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். பலர் சேர்ந்து பார்த்தால் வேகம் குறையலாம். ஆனால் ஒரு கணினிக்கு மட்டும் இணையம் அடியோடு நின்று, அணைத்துப் போட்டதும் திரும்பி வருவதற்கு வீடியோ காரணமாக முடியாது. பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள சிறிய அலுவலகங்களுக்கு வயர் போட்டுக்கொடுப்பதுதான் என் தொழில். இணைப்பில் கோளாறு என்றால் சம்பளம் குறைந்தவர் மீதே பழி விழுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது எனக்கு ஆறவே ஆறாது.

உங்கள் அலுவலகத்தில் தார்சாவின் ஃபைபர் பெட்டி, பட்டாசல் ரூட்டர் என இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் கணினிகளுக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கோளாறு அதுதான்.

உள்ளே எத்தனை கணினிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே முகவரிதான். உள்ளிருக்கும் ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் தனி எண் ஒன்றை ரூட்டர் கொடுக்கிறது. யார் எந்தத் தளத்தைக் கேட்டார் என்று, உங்கள் அலுவலகத் தபால் பதிவேட்டைப் போல, குறித்து வைத்துக்கொண்டு பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. முகவரி கொடுக்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ஓர் அலுவலகத்தில் அந்த வேலையை ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். நீங்கள் வாங்கிய ரூட்டரும் கடையிலிருந்து வரும்போதே அதைச் செய்யும்படிதான் வந்திருக்கும். காலையில் கணினியைப் போட்டதும் எது முந்திக்கொள்கிறதோ அதன் எண் கிடைக்கிறது. தார்சாப் பெட்டி கொடுத்தால் இணையம் வரும்; பட்டாசல் ரூட்டர் கொடுத்தால் வெளியே போக வழி தெரியாமல் கணினி நிற்கும். பிரிண்டருக்கும் இதே கதிதான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இணையம் வராத கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள்; கணினிக்குக் கிடைத்த எண் தெரியும். நன்றாக ஓடும் கணினியிலும் அதையே செய்யுங்கள். ஒன்றில் 192.168.1, மற்றதில் 192.168.0 என்று எண் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். இரண்டு பெட்டிகளுக்கும் 192.168.1.1 என்ற ஒரே எண் அமைந்திருந்தால் எண்ணைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது, தொல்லையும் அதிகம். அப்போது பட்டாசல் ரூட்டரை ஒரு நாள் கழற்றி வைத்துவிட்டுத் தார்சாக் கணினிகளைக் கவனியுங்கள்.

சரிசெய்யப் பணச் செலவு இல்லை. பட்டாசல் ரூட்டரை மட்டும் ஒரு மடிக்கணினியுடன் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில், முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் டிஹெச்சிபியை அணைத்து, தார்சாப் பெட்டியின் எண் 192.168.1.1 என்றால் இதன் எண்ணை 192.168.1.2 என்று வையுங்கள். அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்காதபடி தார்சாப் பெட்டியிலும் பார்த்துக்கொள்ளுங்கள். தார்சாவிலிருந்து வரும் வயர் இதன் லேன் (LAN) என்று எழுதிய துளை ஒன்றில் இருக்கட்டும். பிரிண்டருக்குத் தார்சாப் பெட்டியிலேயே ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிட்டால் அது காணாமல் போகாது.

இனி வைஃபை. சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலை எளிதில் தாண்டாது, 2.4 ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. மேசையை விட்டு நகராத கணினிக்கு வைஃபை எதற்கு? ஒரு வயரில் வரும் இணைப்பைப் பல கணினிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் எட்டுத் துளை கிகாபிட் சுவிட்ச் ஒன்றைப் பட்டாசலில் வைத்து ஒவ்வொரு கணினிக்கும் கேட் 6 (Cat 6) ரக வயர் கொடுங்கள். ஒரு வயர் 100 மீட்டர் வரை போகலாம். உங்கள் வீடு எவ்வளவு நீளமானாலும் அதற்குள் அடங்கிவிடும். வாங்கும்போது உள்கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒரு கணினியில் இருக்கும் டேலி கணக்கை மற்றவர்கள் திறப்பது இந்த உள்வயர் வழியாகத்தான். அது மந்தமாக இருந்தால் இணைப்பின் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை.

இரண்டாவது இணைப்பு வேகத்துக்காக வேண்டாம். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் நேரத்தில் இணைப்பு அறுந்தால் கைகொடுக்க ஒன்று வேண்டுமானால் வாங்குங்கள். ஆனால் இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால், பொக்லைன் இழுக்கும்போது இரண்டும் சேர்ந்தே போகும். போனின் ஹாட்ஸ்பாட்டே அதற்குப் போதுமானது.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ஃபைபர் பெட்டியின் அடாப்டரை மின்இணைப்பிலிருந்து கழற்றுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. அடாப்டரும், முற்றத்தைத் தாண்டி வெட்டவெளியில் ஓடும் செம்பு வயரும் கடத்தும்.

கேள்வி: சுரண்டையில் உரக்கடை வைத்திருக்கிறேன். இரண்டே கணினிகள். ஒன்றில் போனை யுஎஸ்பி வழியாக இணைத்து இணையம் பெறுகிறேன். மற்றதற்கும் பகிர முடியுமா?

பதில்: முடியும். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. நெட்வொர்க் இணைப்புகள் பக்கத்தில் போன் இணைப்பின் பண்புகளைத் திறந்து, பகிர்வுப் பகுதியில் அனுமதி கொடுங்கள். இரண்டு கணினிகளையும் ஒரே வயரால் இணைத்தால் போதும். நடுவில் சுவிட்ச் வேண்டாம். முதல் கணினி 192.168.137.1 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு மற்றதற்குத் தானே எண் கொடுக்கும். முதல் கணினியை அணைத்தால் இரண்டிலும் இணையம் நின்றுவிடும் என்பதால், பில் போடும் கணினியையே முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடை திறந்திருக்கும் வரை அது ஓடிக்கொண்டுதானே இருக்கும்.