ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பிட்டேன்

கேள்வி: எனக்கு 41 வயசு. தினமும் குடிக்கிறேன். காலைல கை நடுங்குது, கொஞ்சம் குடிச்சாத்தான் நிக்குது. குடியை நிறுத்த நினைக்கிறவங்க ஒண்ணா கூடிப் பேசுற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங் ஒண்ணை நெட்ல தேடிப் போனேன், முதல் தடவை கதவு பூட்டியிருந்துச்சு. ரெண்டாவது தடவை உள்ள பேச்சு சத்தம் கேட்டதும், தெரிஞ்சவங்க யாராவது இருந்துட்டான்னு பயந்து திரும்பிட்டேன். மனைவிகிட்ட எதுவும் சொல்லல. சரியான மீட்டிங்கை எப்படி கண்டுபிடிக்கிறது? (பேர் வேண்டாம்)

பதில்: தம்பி, மீட்டிங்கை அப்புறம் பேசுவோம், முதல்ல அந்த கை நடுக்கம். உங்க லெட்டர்ல எனக்கு பயம் வந்த வரி அதுதான். காலைல நடுங்குது, குடிச்சா நிக்குதுன்னா உடம்பு அதுக்கு பழகிடுச்சுன்னு அர்த்தம், அதனால மீட்டிங்குக்கு குடிக்காம போகணும்னு நினைச்சு நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. நிறுத்துன சில மணி நேரத்துலயே நடுக்கம், வேர்வை, வாந்தி ஆரம்பிக்கும், முதல் 48 மணி நேரத்துக்குள்ள சிலருக்கு வலிப்பு வரும், ரெண்டு மூணு நாள்ல இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சு புத்தி குழம்பி உயிருக்கே ஆபத்தா போறவங்களும் உண்டு. டாக்டர்கிட்ட போங்க, எவ்வளவு குடிக்கிறீங்கன்னு குறைக்காம சொல்லுங்க, வீட்டுலேருந்தே மாத்திரை போதுமா அட்மிட் ஆகணுமான்னு அவர் முடிவு பண்ணட்டும். அங்கயே மீட்டிங் பத்தியும் கேட்டுடுங்க. குடிநோய் சிகிச்சை வார்டுல இருக்குற சோஷியல் வொர்க்கருக்கு எந்த குரூப் ஒழுங்கா நடக்குதுன்னு பெரும்பாலும் தெரிஞ்சிருக்கும்.

பூட்டின கதவை நினைச்சு மனசு விடாதீங்க. இந்த குரூப்பெல்லாம் யாரோ இடம் கொடுத்து, மெம்பர்களே நடத்துறது, இடம் மாறும், நேரம் மாறும், லிஸ்ட்ல பழசே இருக்கும். அதனால ஏஏவோட சொந்த வெப்சைட்ல உங்க ஊரை போட்டு தேடுங்க, அதுல இருக்குற ஹெல்ப்லைனுக்கு ஒரு போன் போட்டு இந்த வாரம் நடக்குதான்னு கேட்டுட்டு கிளம்புங்க.

போன் பண்ண கூச்சமா இருக்கும், தெரியும். ஆனா ஏஏ ஆரம்பிச்சதே ஒரு போன்லதான். 1935 மே மாசம், அமெரிக்காவுல ஆக்ரான்ங்கிற ஊர்ல, ஏஏவை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான, குடியை விட்டு அப்போ சில மாசமே ஆன பில் டபிள்யூ தொழில் விஷயமா வந்த வேலை கெட்டுப்போய் ஹோட்டல் லாபில நிக்கிறார், பக்கத்துலயே பார். இன்னொரு குடிநோயாளிகிட்ட பேசலைன்னா தான் குடிச்சிடுவோம்னு தெரிஞ்சு முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் போன் பண்ணாரு, அப்படி கிடைச்ச இன்னொரு குடிநோயாளிதான் டாக்டர் பாப். அவர் கால் மணி நேரம்தான் இருப்பேன்னு வந்து மணிக்கணக்கா பேசினாரு. பாபோட கடைசி குடி 1935 ஜூன் 10, அந்த நாளைத்தான் ஏஏ பிறந்த நாளா வச்சிருக்காங்க. அதனால நீங்க போன் பண்ணா அந்தப் பக்கம் இருக்குறவருக்கு தொந்தரவுன்னு நினைக்காதீங்க, உங்ககிட்ட பேசுறது அவர் குடிக்காம இருக்கவும் உதவி, அவங்க அப்படித்தான் நம்புறாங்க.

தெரிஞ்சவங்க இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டீங்க. இருக்கலாம். அவரும் தன் குடிக்காக வந்தவராத்தான் இருப்பாரு, உங்களை அங்க பாத்தேன்னு வெளிய சொன்னா தன்னையும் சேர்த்து சொல்ற மாதிரி ஆயிடும். ஓப்பன் மீட்டிங்னா குடும்பத்தார், தெரிஞ்சுக்க வர்றவங்கன்னு யாரும் வரலாம், க்ளோஸ்டு மீட்டிங்னா குடியை நிறுத்த நினைக்கிறவங்க மட்டும், உங்க பயத்துக்கு க்ளோஸ்டு சரியா வரும். முதல் பேரு போதும், அதையும் மாத்தி சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. கட்டணம் கிடையாது, செலவுக்கு மெம்பர்களுக்குள்ள காசு வசூல் பண்ணுவாங்க, புதுசா வர்றவங்க போடணும்னு இல்ல. உங்க முறை வந்தா "இன்னைக்கு கேக்க மட்டும் வந்தேன்"னு சொன்னா போதும். இன்னும் குடியை விடலையேன்னு தயங்காதீங்க, நிறுத்தணும்ங்கிற ஆசை ஒண்ணுதான் அங்க தகுதி. அதுவும் முடியலைன்னா முதல்ல ஆன்லைன் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு கேளுங்க.

ஒரு மீட்டிங் பிடிக்கலைன்னா அதோட விட்றாதீங்க, அஞ்சாறு மீட்டிங் வேற வேற குரூப்ல போய் பாருங்க, ஒரு ரூம்ல இருக்குற மனுஷங்க மாதிரி இன்னொரு ரூம்ல இருக்க மாட்டாங்க. ஏஏல வர்ற கடவுள் பேச்சு ஒத்துவரலைன்னா ஸ்மார்ட் ரிகவரின்னு வேற அமைப்பு இருக்கு, அங்க கடவுள் கிடையாது, ஆசை வரும்போது அதை சமாளிக்கிற பயிற்சிதான்.

மனைவிகிட்ட சொல்லுங்க தம்பி. எங்க வீட்டுலயும் அண்ணன் மறைச்சாரு, அண்ணிக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி வருஷக்கணக்கா நடிச்சே அவங்க உடம்பு போச்சு. குடும்பத்தாருக்குன்னே 1951லேருந்து அல்-அனான்னு ஒரு குரூப் இருக்கு, நீங்க மீட்டிங் போறீங்களோ இல்லையோ அவங்க தனியா போகலாம்.

ரெண்டு தடவையும் தனியா போனீங்க. இந்த தடவை போன்ல, "நான் புதுசு, வாசல் வரைக்கும் வந்து திரும்பிடறேன், யாராவது வெளிய வந்து என்னை கூட்டிட்டுப் போவீங்களா"ன்னு கேளுங்க. பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நிப்பாங்க.