பிடித்தால் பிடித்தபடியா? கிராப்பிள் விதிகள்: கேள்வி-பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் கிராப்பிள் (எதிரியைக் கையால் பிடித்து வைப்பது) என்றதும் வரும் வாக்குவாதம் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். ஒருவர் 2014-இல் வந்த விதியைப் பேசுவார், இன்னொருவர் 2024-இல் திருத்திய விதியை. ஆட்டம் தொடங்கும் முன்பே எந்த விதி என்று பேசி முடித்துவிடுங்கள். கீழே இரண்டும் வேறுபடும் இடங்களில் பிரித்தே சொல்லியிருக்கிறோம்.

எதிரியைப் பிடிக்க யார் பகடை உருட்ட வேண்டும்? நானா, அவனா?

2014 விதியில் இருவரும். அட்டாக் ஆக்‌ஷனில் ஒரு தாக்குதலை விட்டுக்கொடுத்து நீங்கள் அத்லெடிக்ஸ் (உடல் வலிமைத் திறன்) உருட்டுகிறீர்கள். எதிரி அத்லெடிக்ஸ், அக்ரோபாட்டிக்ஸ் (உடல் லாவகத் திறன்) இரண்டில் தனக்கு வசதியானதை உருட்டுகிறான். எண் சமமாக வந்தால் பிடி விழவில்லை.

2024 விதியில் எதிரி மட்டும். ஸ்ட்ரெங்த் (வலிமை) அல்லது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவிங் த்ரோ (தப்பிப்பதற்காக உருட்டுவது), எது என்பது அவன் விருப்பம். அவன் எட்ட வேண்டிய எண்: 8 + உங்கள் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் + ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் (பயிற்சிக்கான கூட்டெண்). ஸ்ட்ரெங்த் 18 (மாடிஃபையர் +4), போனஸ் 3 என்றால் 15. சேவில் +1 மட்டுமே உள்ள எதிரி 20 முகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் உருட்டினால்தான் தப்புவான். அதாவது 65 சதவீதம் உங்கள் பக்கம்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. 2014-இல் பார்பேரியன் என்ற வீரனின் ரேஜ் (வெறி) தரும் அட்வான்டேஜும் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது), அத்லெடிக்ஸில் எடுத்த எக்ஸ்பர்டீஸும் (போனஸ் இரட்டிப்பு) பிடிப்பதற்குப் பெரிய பலம். 2024-இல் நீங்கள் உருட்டுவதே இல்லை என்பதால் இரண்டுமே பிடிக்க உதவாது. பிடியிலிருந்து விடுபடத்தான் உதவும். பழைய கேரக்டரைப் புதிய விதிக்கு மாற்றுகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

இரண்டு விதியிலும் ஒரு கை காலியாக இருக்க வேண்டும். எதிரி உங்களைவிட ஒரு சைஸுக்கு மேல் பெரியவனாக இருக்கக் கூடாது. கேடயம் பிடித்த கை காலி கை ஆகாது.

மந்திரவாதியைப் பிடித்தேன். அவன் பாட்டுக்கு மந்திரம் போடுகிறான். பிறகு என்ன பயன்?

கிராப்பிள் கையையோ வாயையோ கட்டாது. அவனுடைய வேகத்தை 0 ஆக்கும், அவ்வளவுதான். 2024-இல் உங்களைத் தவிர மற்றவர்கள் மேல் அவன் செய்யும் அட்டாக் ரோல்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது) கூடுதல். சேவிங் த்ரோ கேட்கும் மந்திரங்களை அது தொடாது.

மிஸ்டி ஸ்டெப் (சட்டென்று வேறு இடத்துக்குத் தாவும் மந்திரம்) தெரிந்தவன் போனஸ் ஆக்‌ஷனில் மறைந்துவிடுவான், அதற்கு வாய்ச்சொல் மட்டும் போதும். மருந்தும் அதிலேயே இருக்கிறது. உங்கள் குழுவில் யாராவது சைலன்ஸ் (ஒலியே எழாமல் செய்யும் மந்திரம்) போடட்டும், 20 அடி ஆரம். அதற்குள் அவனை இழுத்துப்போய் நிறுத்துங்கள். வாய்ச்சொல் தேவைப்படும் எந்த மந்திரமும் அங்கே எடுபடாது, வேகம் 0 என்பதால் வெளியே நடந்து வரவும் முடியாது.

பிடித்துக் கீழே தள்ளுவது பலமான உத்தி என்கிறார்கள். முதலில் பிடிப்பதா, தள்ளுவதா?

கிராப்பிளின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. ப்ரோன் ஆனவன் (கீழே விழுந்து கிடப்பவன்) எழ, தன் வேகத்தில் பாதியைச் செலவழிக்க வேண்டும். வேகமே 0 என்றால் எழவே முடியாது. 5 அடிக்குள் நிற்கும் உங்கள் ஆட்கள் அனைவருக்கும் அவன் மேல் அட்வான்டேஜ். அவனுடைய தாக்குதல்களுக்கோ டிஸ்அட்வான்டேஜ். விடுபட வேண்டுமானால் ஒரு முழு ஆக்‌ஷனைப் போட்டு முயல வேண்டும். தோற்றால் அந்தச் சுற்றே போச்சு.

எக்ஸ்ட்ரா அட்டாக் உள்ளவர் ஒரே டர்னில் இரண்டையும் செய்யலாம். வரிசையை இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது என்பது) பார்த்து முடிவு செய்யுங்கள். உங்களுக்கு அடுத்து எதிரியின் டர்ன் என்றால் முதலில் பிடியுங்கள். தள்ளுவது தவறினாலும் அவன் நகர முடியாது. நடுவில் உங்கள் குழுவின் ரோக், ஃபைட்டர் போன்ற வீரர்களின் டர்ன் இருந்தால் முதலில் தள்ளுங்கள். பிடி தவறினாலும் அவர்களுக்கு அட்வான்டேஜ் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: 5 அடிக்கு வெளியே இருந்து தாக்குகிறவருக்குக் கீழே கிடப்பவன் மேல் டிஸ்அட்வான்டேஜ். குழுவில் வில்லாளிகளே அதிகம் என்றால் தள்ளாதீர்கள், பிடித்து மட்டும் வையுங்கள்.

பிடித்தவனை எவ்வளவு தூரம் இழுக்கலாம்?

பாதி வேகத்தில். 30 அடி வேகம் என்றால் 15 அடி. அவன் உங்களைவிட இரண்டு சைஸ் சிறியவன் என்றால் குறைப்பு கிடையாது. இழுபடுகிறவன் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கைத் (எதிரியின் எட்டை விட்டு விலகும்போது விழும் தாக்குதலை) தூண்டுவதில்லை. இழுக்கிற நீங்கள் தூண்டுவீர்கள். ஸ்பைக் க்ரோத் (தரையில் முட்களை முளைக்க வைக்கும் மந்திரம்) பரப்பின் விளிம்பை ஒட்டி வெளியே நடந்து, அவனை உள்பக்கமாக 15 அடி இழுத்தால் ஒவ்வொரு 5 அடிக்கும் 2டி4 (நான்கு முகப் பகடை இரண்டு) சேதம், மொத்தம் 6டி4, சராசரி 15. உங்கள் கால் உள்ளே பட்டால் அதே சேதம் உங்களுக்கும்தான்.

ஓடுகிறவனை ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கில் பிடிக்கலாமா?

2014-இல் முடியாது, அது அட்டாக் ஆக்‌ஷன் அல்ல. 2024-இல் முடியும். அன்ஆர்ம்ட் ஸ்ட்ரைக் (வெறுங்கைத் தாக்குதல்) அனுமதிக்கப்பட்டிருக்கிறது, கிராப்பிள் அதன் ஒரு வகை. சேவில் தோற்றால் அவன் நின்ற இடத்திலேயே நிற்பான். முன்வரிசையில் நிற்பவர்களுக்குப் புதிய விதி தந்த மிக நல்ல ஆயுதம் இது.

பறக்கும் எதிரியைப் பிடித்தால்?

ஹோவர் (அந்தரத்தில் மிதக்கும்) திறன் இல்லாவிட்டால் விழுவான். அந்தரத்தில் அவனைப் பிடித்துத் தொங்கினால் நீங்களும் விழுவீர்கள். 10 அடிக்கு 1டி6, ஆகவே 40 அடி என்றால் ஆளுக்கு 4டி6.

அடி வாங்கினால் பிடி விடுமா?

விடாது. மந்திரத்தைத் தொடர வேண்டிய கான்சென்ட்ரேஷன் போல இதற்குச் சோதனை எதுவும் இல்லை. பிடித்தவர் இன்கபாசிடேட்டட் (செயல்பட முடியாதவர்) ஆனாலோ, இருவரும் எட்டாத தூரத்துக்குப் பிரிக்கப்பட்டாலோதான் விடும். தண்டர்வேவ் மந்திரம் 10 அடி தள்ளினால் பிரிந்துவிடும். ஆகவே உங்கள் நண்பன் ஓகர் என்ற அரக்கனின் பிடியில் மாட்டிக்கொண்டால், அவன் ஆக்‌ஷனை வீணாக்க வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் நண்பனையே ஓகரின் எட்டுக்கு வெளியே ஷவ் செய்து (தள்ளி) விடுவிக்கலாம்.