கடல் தாழையும் நம் வலையும்: கரையோரக் கேள்வி பதில்

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி: வலையை இழுத்தால் மீனைவிடக் கடல் தாழைதான் அதிகம் வருகிறது. இந்தப் புல்லால் நமக்கு என்ன பயன் அண்ணே?

தம்பி, அடுத்த தடவை வேரோடு வந்த ஒரு தாழையை உதறிவிடாமல் கையில் எடுத்துப் பாருங்கள். வேரில் சேறு கெட்டியாகப் பிடித்திருக்கும். இலைமேல் பொடி நத்தைகள் ஒட்டியிருக்கும். இது பாசி இல்லை. கடலுக்குள்ளேயே பூத்து, காய்க்கிற செடி. நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, இறாலுக்கும் நண்டுக்கும் ஓரா மீனுக்கும் இது அப்படி. குஞ்சுகள் பெரிய மீனுக்குத் தப்பி இதற்குள்தான் வளர்கின்றன. விசைப்படகின் இழுவைமடி வலை தரையைச் சுரண்டினால் புல் பிடுங்கிக்கொண்டு போகும், சேறு கலங்கும். கலங்கல் தண்ணீரில் வெயில் அடிவரை இறங்காது, மிச்சம் நின்ற புல்லும் வாடும். அப்புறம் சேற்றைப் பிடித்துவைக்க வேரும் இல்லை, தண்ணீர் தெளிவதும் இல்லை. நாளைக்குப் பிடிக்க வேண்டிய இறாலை இன்றைக்கே வாரிக் கொட்டுகிறோம், அதுதான் என் வேதனை.

கீழக்கரையிலிருந்து: மன்னார் வளைகுடாத் தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டனவாமே?

உண்மைதான். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்கு மேல் தெரிவதில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தது பெரிய காரணம். அலையின் வேகத்தை வாங்கிக்கொள்வது அந்தப் பார், அதாவது பவளப்பாறைதான். கல்போன்ற பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். ஒரு வீட்டுச் சுவருக்கு வெட்டியது திரும்பி வர எத்தனை தலைமுறை ஆகும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

பாம்பனிலிருந்து ஒரு அக்கா: விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாசி எடுக்கிறோம். எங்களால்தான் கடல் கெடுகிறது என்கிறார்களே?

அக்கா, அதை நான் ஏற்கமாட்டேன். 1986இல் தேசியப் பூங்கா ஆக்கியபோது தீவுகளைச் சுற்றிக் கட்டுப்பாடு வந்தது. அந்தக் கடலை நம்பியிருந்த உங்கள் பிழைப்பு பாதியில் நின்றது. பாரை மிதித்து உடைக்காமல், அடிப்பிடிப்பை விட்டு நுனியை மட்டும் பறித்தால் பாசி திரும்பத் தழைக்கும். எந்தப் பாசி எங்கே குறைகிறது என்று முதலில் தெரிவது உங்களுக்குத்தான். காவல் திட்டம் போடும்போது உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

மண்டபத்திலிருந்து: கடல் அட்டை பிடித்தால் ஏன் கேஸ்?

2001 முதல் தடை. வயலுக்கு மண்புழு போல, மணலைத் தின்று சுத்தமாக்கி வெளியே விடுவது அது.

தொண்டியிலிருந்து: ஆவுளியா, அதான் கடல் பசு, வலையில் சிக்கினால்?

யோசிக்காமல் வலையை அறுத்துவிடுங்கள். அது மீன் இல்லை, மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும், தாமதித்தால் செத்துப்போகும். ஓர் ஈற்றில் ஒரே குட்டி, அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். விட்டுவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.