பெரியவர் கிளினிக்குக்கு மாறும் மகன்: தாய் என்ன செய்யலாம்?

கேள்வி: மகனுக்கு 15 வயது. எட்டு வயதிலிருந்து முதலாம் வகை நீரிழிவு, தினமும் இன்சுலின். இத்தனை காலமும் யாழ்ப்பாணத்தில் சிறுவர் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். இனிப் பெரியவர் கிளினிக்குக்கு மாறவேண்டி வருமாம். அங்கே இவனை யார் பார்ப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. — ஒரு தாய், மானிப்பாய்

பதில்: அம்மா, இன்று இரவு மகனிடம் கேட்டுப் பாருங்கள்: என்ன இன்சுலின், எந்த நேரத்துக்கு எத்தனை அலகு, கடைசி எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எவ்வளவு? அவன் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தால், வேலையை அங்கேதான் தொடங்க வேண்டும். சிறுவர் கிளினிக்கில் வைத்தியர் கேட்பதற்கெல்லாம் பெரும்பாலும் தாய்தான் பதில் சொல்வார். பெரியவர் கிளினிக்கில் கேள்வி நேரே அவனிடம் வரும்.

இதைத் தொடங்க 15 வயது மிகச் சின்ன வயதல்ல. பிரிட்டன் வழிகாட்டல் 13, 14 வயதிலேயே தயார்படுத்தச் சொல்கிறது. நம் வீடுகளில் ஓ.எல். முடியட்டும், ஏ.எல். முடியட்டும் என்று தள்ளிப்போடுவோம். பிறகு பேராதனையிலோ மொறட்டுவையிலோ கம்பஸ் கிடைத்து, விடுதி அறையில் பிள்ளை முதன்முதலாகத் தனியே ஊசிக் கணக்குப் பார்ப்பான்.

அடுத்த கிளினிக்கில் கொப்பியை அவனே கொண்டுபோகட்டும், அவனே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து வாயைக் கட்டிக்கொள்ளுங்கள் (கஷ்டம்தான்). சில தடவை போனபின், ஐந்து நிமிடம் அவனை வைத்தியரோடு தனியே விடுங்கள். நண்பர்களோடு பியர் குடித்ததை உங்கள் முன்னால் சொல்லமாட்டான். ஆனால் அது வைத்தியருக்குத் தெரிய வேண்டும். குடித்தால் ஈரல் குளுக்கோசை வெளிவிடுவது குறையும்; பல மணி நேரம் கழித்து, நித்திரையில்கூட, சீனி ஆபத்தாக இறங்கலாம்.

பெரியவர் கிளினிக்கில் அவனைச் சுற்றி இருக்கப்போவது அநேகமாக இரண்டாம் வகை நீரிழிவுள்ள அப்பப்பா வயதுக்காரர்கள். "தம்பி, உனக்கேன் ஊசி? நான் குளிசையோடு சமாளிக்கிறேன், பாவக்காய்ச் சாறு குடி" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அவர்களுடையது வேறு வருத்தம். முதலாம் வகைக்கு இன்சுலினைத் தவிர மாற்று இல்லை, நிறுத்தினால் உயிராபத்து. கந்தசஷ்டி விரதம் என்றாலும், வாந்தி வந்து சாப்பிட முடியாவிட்டாலும், அடிப்படை இன்சுலினை (சாப்பாட்டோடு சேராமல் நாள் முழுக்க வேலை செய்வதை) தானாக நிறுத்தக்கூடாது. அளவை எப்படி மாற்றுவது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள். இரத்தச் சீனி 70 mg/dL-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்ப்பது அவனுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். கூட்டாளி ஒருவனுக்கும் தெரிந்தால் இன்னும் நல்லது.

சரி, கடுதாசி வேலை. சிறுவர் வைத்தியரிடம் ஒரு சுருக்கக் கடிதம் கேளுங்கள்: நோய் தொடங்கிய வருடம், இப்போதைய இன்சுலின் அளவு, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறி வாட்டில் நின்ற விபரம், கண், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள். கொப்பிப் பக்கங்களை அவனுடைய போனிலும் படம் எடுத்து வையுங்கள். யாருடைய கிளினிக், யாழ் போதனா வைத்தியசாலையா, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையா என்று அவரிடமே கேளுங்கள். புதிய இடத்தில் முதல் திகதி கையில் கிடைக்கும் வரை பழைய கிளினிக்கை விடவேண்டாம். பிள்ளைகள் தவறிப்போவது இந்த இடைவெளியில்தான். ஒரு வருடம் எங்கும் காட்டாமல் இருந்துவிட்டு, மயங்கிய நிலையில் வருவார்கள்.

சீனி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும், சோதனை மாதத்திலும் மாற்ற வேண்டாம். வைத்தியரிடம் காரணத்தைச் சொல்லிக் கொஞ்சம் தள்ளிவைக்கக் கேட்பதில் தவறில்லை.