குதிக்கும் முன் பேசிவிடுங்கள்: பிரிட்ஜ் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் மச்சானும் இரண்டு வருடமாக ஒரே ஜோடியாகப் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறோம். போன வாரம் அவர் ஏலத்தை 1 ஹார்ட் என்று திறந்தார் (ஹார்ட் துருப்பாக ஆறுக்கு மேல் ஒன்று, ஏழு ட்ரிக், அதாவது ஏழு பிடி எடுப்போம் என்று அர்த்தம்), எதிராளி 1 ஸ்பேட் சொன்னார். என் கையில் பெரிய சீட்டுகளுக்கு எண்ணும் பாயிண்ட் 11, நாலு ஹார்ட், அதனால் 2 ஹார்ட்டைத் தாண்டி 3 ஹார்ட் என்று குதித்தேன். 15 பாயிண்ட் வைத்துக்கொண்டு அவர் பாஸ் போட்டுவிட்டார்! பத்து ட்ரிக் வந்தது. வீடு வரும்வரை சண்டை. தப்பு யார் மேல்?

பதில்: ஸ்கோர் 170 எழுதியிருப்பீர்கள். கேம், அதாவது போனஸ் தரும் 4 ஹார்ட், சொல்லியிருந்தால் 420, வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) என்றால் 620. சண்டை வராமல் என்ன செய்யும்? ஆனால் உங்கள் பிட்டும் (ஏலத்தில் சொன்னதும்) சரி, அவர் பாஸும் சரி. நீங்கள் பழைய பாடத்தைப் படித்திருக்கிறீர்கள், அதில் அந்த 3 ஹார்ட் “கேமுக்கு வருகிறாயா” என்ற அழைப்பு. அவர் படித்தது இன்று பெரும்பாலானோர் ஆடும் முறை, அதில் அது பலமில்லாத கை, எதிராளி வழியை அடைக்கும் குதி. இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட இதைப் பேசிக்கொள்ளவில்லையே, அதுதான் தப்பு, அதில் பாதி உங்களுடையது.

என்னைக் கேட்டால் மச்சான் கட்சிதான். எதிராளி 1 ஸ்பேட் சொன்னதும் உங்களுக்குப் புதிதாக ஒரு பிட் கிடைத்துவிடுகிறது: அவர்கள் சூட்டையே (சீட்டு இனத்தையே) நீங்கள் சொல்வது, 2 ஸ்பேட், அதாவது கியூ பிட். ஹார்ட்டுக்கு ஆதரவோடு 10 பாயிண்டும் அதற்கு மேலும் இருக்கும் கையெல்லாம் அதில் போய்விடட்டும். அப்புறம் 3 ஹார்ட் சும்மா கிடக்கிறது, அதை இப்படிப்பட்ட கைக்கு வைத்துக்கொள்ளலாம்: ஸ்பேடில் ஒற்றை 8, ஹார்ட்டில் ராஜா 9 7 4, டைமண்டில் ஜாக் 10 6 5, கிளப்பில் 9 6 4 2. மொத்தமே நாலு பாயிண்ட். ஆனால் பார்ட்னரின் ஐந்தோடு சேர்த்தால் ஒன்பது துருப்பு. ஒன்பது துருப்பு இருந்தால் ஒன்பது ட்ரிக் மட்டம்வரை துணிந்து போகலாம் என்பது பிரெஞ்சுக்காரர் ழான்-ரெனே வெர்ன் 1960-களில் எழுதிய கணக்கிலிருந்து வந்த வழக்கம். வல்னரபிள் இல்லாமல், டபுளோடு, அதாவது அபராதம் ஏறும்படி எதிராளி சவால் விட்டு, இரண்டு ட்ரிக் குறைந்தாலும் 300தான் போகும், அவர்கள் 4 ஸ்பேட் அடித்திருந்தால் குறைந்தது 420 போயிருக்கும்.

எதிராளி 1 ஸ்பேடுக்குப் பதிலாக டபுள் கொடுத்தால், இங்கே அது ‘மற்ற சூட்டில் ஒன்றைச் சொல்’ என்று தன் பார்ட்னரைக் கேட்பது, அப்போது? அவர்கள் சூட் எதுவும் சொல்லவில்லை, கியூ பிட் இல்லை. அங்கே 2 நோட்ரம்ப்பை (துருப்பே இல்லாத ஆட்டம்) ஹார்ட் ஆதரவோடு 10 பாயிண்ட் காட்டும் அந்த வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். ஹார்ட் இல்லாத 10 பாயிண்ட் கைக்கு ரீடபுள் (டபுளுக்கு மேல் டபுள்) இருக்கிறதே, அதனால் 2 நோட்ரம்ப்பை இழப்பதில் நஷ்டமில்லை.

அதே இடத்தில் 3 கிளப் என்று குதித்தால் என்ன என்பதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். நீளமான கிளப், மற்றபடி ஒன்றுமில்லாத கை என்று ஆடுபவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது நல்ல கிளப்போடு நாலு ஹார்ட்டும் காட்டும் குதி, ஏனென்றால் எதிராளி 4 ஸ்பேட் போனபின் 5 ஹார்ட் போகலாமா என்று பார்ட்னர் இருட்டில் தடவ வேண்டியதில்லை. 4 கிளப் இன்னும் ஆபத்து. நான் ஒருமுறை “கிளப் ஒன்றே ஒன்று, ஹார்ட் ஆதரவு உண்டு” என்று நினைத்து அதைச் சொன்னேன், பார்ட்னர் நீளமான கிளப் என்று நம்பிப் பாஸ் போட்டார். அவரிடம் இரண்டு கிளப். மூன்று துருப்போடு ஆடினேன், எத்தனை ட்ரிக் குறைந்தது என்று கேட்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எதிராளி நடுவில் புகுந்த ஏலத்தில் எல்லாக் குதியும் வீக் (பலமில்லாத கை) என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், அங்கேதான் பலர் விழுகிறார்கள். யாரை அடைக்கக் குதிக்கிறோம் என்று பாருங்கள். எதிராளி 1 டைமண்ட் திறந்ததும் நேராக 2 ஸ்பேட் போட்டால் ஆறு ஸ்பேட், வீக், சரி. அதே 1 டைமண்டுக்கு அப்புறம் இரண்டு பாஸ் வந்து உங்கள் முறை என்றால் அடைக்க யாருமில்லை, அங்கே 2 ஸ்பேட் என்பது ஆறு ஸ்பேடோடு திறக்கத் தகுந்த கை. எதிராளி 2 ஹார்ட் என்று வீக்காகத் திறந்தபின் நீங்கள் 3 ஸ்பேட் குதித்தால் பலம்தான். ஏற்கெனவே அடைத்தவரைத் திரும்ப அடைப்பதில்லை.

எதிராளியின் 1 டைமண்டுக்குப் பார்ட்னர் டபுள் கொடுத்து, அடுத்தவர் பாஸ் போட்டால், பூஜ்யம் பாயிண்ட் இருந்தாலும் நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும். 1 ஸ்பேட் அந்த ஏழைக் கைக்குப் போய்விடுவதால் 9 முதல் 11 பாயிண்டுக்கு 2 ஸ்பேட், நாலு சீட்டு போதும். பார்ட்னர் பாஸ் போடலாம், கோபிக்காதீர்கள்.

கேள்வி: இப்படிப் பேசி வைத்ததை எதிராளி கேட்டால் சொல்லியாக வேண்டுமா?

பதில்: கட்டாயம். ரகசிய ஒப்பந்தம் பிரிட்ஜில் கிடையாது. பார்ட்னரின் பிட்டைப் பற்றிக் கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டியது இருவரும் பேசி வைத்த அர்த்தத்தை, உங்கள் சீட்டைப் பார்த்து ஊகித்ததை அல்ல. பேசவே இல்லை என்றால் “இதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை” என்று சொல்லலாம். உங்கள் மச்சானின் பாஸுக்கு அடுத்து யாராவது அந்த 3 ஹார்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.