டர்பனிலிருந்து கேப்டவுனுக்குப் பைக்கில் போகிறேன். டேஷ்போர்டில் போன், ஜி.பி.எஸ்., சார்ஜர் எல்லாம் எப்படிப் பொருத்துவது?

கேள்வி கேட்ட தம்பியிடம் இருப்பது சுசுகி வி-ஸ்ட்ராம் 650. டிசம்பரில் என்2 நெடுஞ்சாலை வழியாகப் போகிறாராம். எந்த மவுண்ட் (போனைப் பிடித்து நிறுத்தும் தாங்கி) நல்லது, சார்ஜரை நேராக பேட்டரியில் கொடுத்தால் போதும் என்று மாமா சொல்கிறாரே, அது சரியா என்று கேட்டிருக்கிறார்.

மவுண்டைக் கடைசியாக வாங்குங்கள், தம்பி. முதலில் சீட்டைக் கழற்றி பேட்டரியைப் பாருங்கள். டேஷ்போர்டில் வெளியே தெரிவது பாதி வேலைகூட இல்லை. கரண்ட் எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக அங்கே வருகிறது என்பதுதான் உங்களைக் கேப்டவுன் கொண்டுபோய்ச் சேர்க்கும், இல்லையென்றால் நடுவழியில் நிறுத்தும்.

நான் தூத்துக்குடிக்காரன். பன்னிரண்டு வருடமாக டர்பன் துறைமுகத்தில் கப்பல்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். உப்புக்காற்றும் அதிர்வும் ஒரு ஒயரை என்ன பாடு படுத்தும் என்பதைத் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிறவன். இவ்வளவு தெரிந்தும், என் பைக்கில் சார்ஜர் மாட்டும் வேலையை நேரமில்லை என்று ஒரு கடையில் கொடுத்துவிட்டேன். லெசோத்தோவுக்குப் போகும் சானி பாஸ் மலைப்பாதையில் ஏறும்போது அதன் பலன் தெரிந்தது. உச்சியில் 2,876 மீட்டர், முழுக்கக் கல்லும் சரளையும். பாதி ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் ஒடித்தேன். பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது. டேங்குக்கு அடியிலிருந்து புகை. பெட்ரோல் டேங்குக்கு அடியில்! சீட்டைப் பிடுங்கி பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி எறிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

பிரித்துப் பார்த்தால், ஹேண்டில் கழுத்தில் ஒயர் உரசி உரசி ஒரு அரிசி அளவுக்கு உறை தேய்ந்திருந்தது. உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. அது ஃபிரேமைத் தொட்டதும் ஷார்ட். பியூஸ் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் சார்ஜருக்குப் பக்கத்தில், அந்த முனையில் இருந்தது. ஷார்ட் ஆன இடத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் பியூஸே இல்லை. அதனால் அது போகவே இல்லை, ஒயர்தான் வெந்தது.

பியூஸ் சார்ஜரைக் காப்பாற்றப் போடுவது இல்லை, ஒயரைக் காப்பாற்றப் போடுவது. ஆகவே பேட்டரியின் பாசிட்டிவ்விலிருந்து ஒரு சாணுக்குள் அது இருக்க வேண்டும். இரண்டு போர்ட் உள்ள யு.எஸ்.பி. சார்ஜர் முழு வேகத்தில் ஓடினாலும் ஏறக்குறைய 30 வாட். 12 வோல்ட்டில் அது இரண்டரை ஆம்பியர். ஜி.பி.எஸ்.ஸுக்கு ஒரு ஆம்பியர் வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் பியூஸ் தாராளம், ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். ஒயர் போதும். ஹேண்டில் சூடாக்கும் கிரிப் போடுவதென்றால் அதற்குத் தனி லைன், தனி பியூஸ்.

மாமா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நேராக பேட்டரியில் கொடுத்தாலும் வேலை செய்யும்தான். ஆனால் சில சார்ஜர்கள் போன் மாட்டாதபோதும் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும், வோல்ட் காட்டும் சிறு டிஸ்பிளே இருந்தால் இன்னும் அதிகம். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-அவர். பத்து ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று வாரத்தில் காலி. பைக் ஸ்டார்ட் ஆகாத நிலைக்கு அதற்கு வெகு முன்பே வந்துவிடும். அதனால் நடுவில் ஒரு ரிலே போடுங்கள், சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. அதன் கால்களில் எண் போட்டிருக்கும். 30-ஆம் காலுக்கு பியூஸ் வழியாக பேட்டரி, 87-இலிருந்து சார்ஜருக்கு, 85 எர்த், 86-க்கு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு ஒயர். பின்பக்கப் பார்க்கிங் லைட் ஒயர் இதற்குத் தோது. ரிலேயைத் தூண்ட மிகக் குறைந்த கரண்ட் போதும், பைக்கின் சொந்த ஒயரிங்குக்குச் சுமை ஏறாது. புதிய பி.எம்.டபிள்யூ. ஜி.எஸ். வைத்திருப்பவர்கள் இப்படி லைட் ஒயரில் கை வைக்க வேண்டாம். அதில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு லைனின் கரண்ட்டையும் கண்காணிக்கிறது, வித்தியாசம் தெரிந்தால் பல்பு ஃபால்ட் காட்டும். அவர்கள் கம்பெனி கொடுத்த துணைக்கருவி பிளக்கையே பயன்படுத்தலாம்.

ஜாயிண்ட்டுகளை சால்டர் செய்யாதீர்கள். இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஈயம் உருகி இழைகளுக்குள் ஊறி, ஒயரைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வில் ஒயர் ஒடியும். கப்பலில் நாங்கள் ஒயர் முனையை ஒரு உலோகக் குழலில் விட்டு நல்ல கிரிம்ப் கருவியால் நசுக்கி அழுத்தி, சூடு காட்டினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடுவோம். படகுச் சாமான் கடைகளில் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைக்கும். கடற்கரையோரம் வண்டி ஓட்டுகிற நமக்கு அதுதான் சரி, சாதாரணச் செம்பு பச்சை பூத்துவிடும்.

ஒயரை இழுத்த பிறகு, கட்டுவதற்கு முன், ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். கழுத்துப் பக்கம் எங்காவது இழுக்கிறதா, உரசுகிறதா, ஆக்சிலேட்டர் கேபிளோடு சிக்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நான் அந்த இடத்தில் மட்டும் இரட்டை ஸ்லீவ் போட்டிருக்கிறேன்.

இப்போது மவுண்ட். டேங்க் மேல் வேண்டாம், மீட்டருக்கு மேலே, காற்றைத் தடுக்கும் முன் கண்ணாடிக்குப் பின்னால் குறுக்குக் கம்பி போட்டு அதில் வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறீர்கள். குனிந்து டேங்க்கைப் பார்த்து நிமிர இரண்டு நொடி என்றால் 56 மீட்டர் கண்மூடிப் போன மாதிரி. கோக்ஸ்டாட் தாண்டி உம்தாத்தா வரை அந்தப் பக்கம் முழுக்க மாடும் ஆடும் ரோட்டில்தான் நிற்கும். ஆயில் விளக்கு, சூட்டு விளக்கு எதையும் மவுண்ட் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கில் டிரில் போடாதீர்கள், அந்த ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும். சின்னச் சாமானுக்கு 3எம் வி.எச்.பி. என்ற இருபக்கமும் ஒட்டும் டேப் போதும்: ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டி, 72 மணி நேரம் விட்டுவிடுங்கள். புறப்படும் காலையில் ஒட்டினால் நிற்காது. இன்னொன்று, போல்ட் கழலாமல் இருக்கப் போடும் லாக்டைட் போன்ற திரவம் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுப் போகும். பிளாஸ்டிக் பக்கத்தில் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்டு) போடுங்கள்.

உங்கள் நல்ல போனைத் தயவுசெய்து மாட்டாதீர்கள். பைக் இன்ஜின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-இல் சொன்னது. டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் நண்பர் ஒரு வருடம் போனை ஹேண்டிலில் வைத்து ஓட்டினார். தைப்பூசத்தன்று மகள் முதல்முறை காவடி எடுத்ததைப் படம் பிடித்தார். ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை, எல்லாவற்றிலும் மயிலிறகு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. அந்த நாள் திரும்ப வருமா? வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனில் மேப்பை இறக்கி வைத்து மாட்டுங்கள், அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த மவுண்ட்டாக இருக்கட்டும். என்2-வுக்கு அதுவே போதும். திரும்பும்போது கரூ என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதியில் மண்ரோட்டில் இறங்குவதாக இருந்தால் கார்மின் கருவியில் ட்ராக்ஸ்4ஆப்பிரிக்கா மேப் போட்டுக்கொள்வது நல்லது. அதோடு, டிசம்பர் இங்கே கோடை; அந்த வெயிலில் போன் சூடேறி வெளிச்சத்தைக் குறைத்து சார்ஜையும் நிறுத்திக்கொள்ளும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இங்கே வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்கக் கூடாது, வண்டியில் பொருத்தியிருந்தால் குற்றமில்லை. ஆனால் ரோபோவில், அதாவது சிக்னலில், நிற்கும்போது தட்டிக்கொண்டிருக்காதீர்கள்; கராஜில், அதாவது பங்கில், பெட்ரோல் போட இறங்கினால் போனைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு ஞாயிறு காலை தெற்குக் கடற்கரையில் இருக்கும் ஹிபர்டீன் வரை போய் வாருங்கள். வந்ததும் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள், முதல் ஓட்டத்தில் எல்லாமே கொஞ்சம் தளரும். பியூஸ் பக்கம் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்த கிரிம்ப் சரியில்லை, வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். சீட்டுக்கு அடியில் உபரியாக இரண்டு 5 ஆம்பியர் பியூஸ் போட்டு வையுங்கள்.